வெள்ளூரணிப் பெண்களுக்கு மீசை முளைத்த பருவம்

எங்கள் வெள்ளூரணியில் பொறாமைப்பட்ட பெண்களுக்கு மீசை முளைக்கத் தொடங்கியது ஓர் ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, கல்லூரியில் மூன்றாவது பாடவேளை முடிந்து மணியடித்த கையோடு, கேன்டீனில் கீரை வடை தீர்ந்துபோன நேரத்தில். மழை வந்தது, கரண்ட் போனது என்று சொல்வதைப் போலத்தான் இதையும் சொல்கிறேன், ஏனென்றால் ஊரும் இதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. முதலில் முளைத்தது கல்லூரி நூலகர் அமிர்தவல்லி அம்மாவுக்கு. அலுவலகத்தில் வேலை பார்த்த தோழிக்குப் பதவி உயர்வு வந்து, அவள் லட்டுப் பெட்டியோடு வந்து நிற்க, இவர் வாயெல்லாம் பல்லாக ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி ஒரு லட்டை எடுக்க, மேலுதட்டில் லேசாக அரிப்பெடுத்து, லட்டைக் கடிப்பதற்குள் கன்னங்கரேலென்று ஒரு மீசை வந்து உட்கார்ந்துவிட்டது. மீசையில பூந்தி ஒட்டியிருக்குக்கா என்று தோழி சொல்ல, இவரும் முந்தானையால் துடைத்துக்கொண்டு புத்தகங்களை அடுக்கப் போய்விட்டார்.

காரணம் என்ன என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். புதிதாக வந்த குழாய்த் தண்ணீர் என்பார்கள் சிலர். அந்த மூன்றாவது பாடவேளையில்தான் தமிழ்த்துறைத் தலைவர் திருமலையப்பன் சார் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு, பொறாமை என்பது பெண்ணுக்கே உரிய குணம், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி எழுதவைத்தார், கோடு போட்டு முடித்ததும் மணியடித்தது என்று சொல்கிற மாணவர்களும் உண்டு. காரணத்தைத் தேடி அலைகிற பழக்கம் எங்கள் ஊருக்குக் கிடையாது, வந்ததை வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் பழக்கம்.

ஆடி பிறப்பதற்குள் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டுகிற பெண்களில் பாதிப் பேருக்கும், பஜாரில் ஜவுளிக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மீசை வந்துவிட்டது; பியூட்டி பார்லரில் நூல் போட்டு எடுத்தால் படி இறங்குவதற்குள் திரும்ப முளைத்தது, ஏனென்றால் பார்லரில் உட்கார்ந்திருந்த நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரியின் வளையலைப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் மேலுதட்டை உற்றுப் பார்த்தார்கள். பெண் பளிச்சென்று இருக்க, வீட்டின் பரப்பளவைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மாவுக்குத்தான் பஜ்ஜி வருவதற்குள் முறுக்கு மீசை வந்திருக்கும், அதை இரு வீட்டாரும் பார்க்காததுபோல் நாள் குறித்துக்கொண்டு எழுந்தார்கள். கல்யாண வீடியோக்காரர் பெண்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரே நேரத்தில் அத்தனை கைக்குட்டைகளும் வாய்க்குப் போயின. பூக்காரி மட்டும், மீசை வைத்த பெண்கள் அதை மறைக்கக் கூடுதலாக ஒரு முழம் வாங்கி முன்னால் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டாள்.

ஆண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படித்தான் நாங்கள் நம்பினோம். வெள்ளூரணியில் அரும்பு கண்ட நாளிலிருந்து மீசை வைக்காத ஆண் கிடையாது. தகப்பன் செத்தால் எடுப்பான், சாமிக்கு நேர்ந்திருந்தால் எடுப்பான், மற்றபடி அதில் கைவைக்க மாட்டான். அந்த மீசை கொஞ்சம் அடர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது, நீண்டால் முறுக்கிவிட்டால் போயிற்று. ஊரில் மழித்த முகத்தோடு இருந்தவர்கள் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி மேலாளரும் பங்குச் சாமியாரும்தான். அவர்கள் இருவரும் அந்த வருஷம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு தடவை சவரம் செய்துகொண்டதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்த்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம்ல, பொறாமையெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம், பேசிக்கொண்டே முறுக்கிவிட்டோம். எனக்கும் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

மீசை எப்படி விழும் என்பதைக் கண்டுபிடித்தவர்கள் மேலத்தெரு ஓரகத்திகள் இருவர், மூத்தவள் கனகமணி, இளையவள் வள்ளித்தாய். மூத்தவள் வீட்டுக்கு மாடிப்படி கட்டியதிலிருந்து வள்ளித்தாய்க்கு மீசை. வள்ளித்தாயின் புருஷன் வாராவாரம் மறக்காமல் மல்லிகைப்பூ வாங்கி வந்ததால் கனகமணிக்கும் மீசை. இரண்டு மீசைகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கிரைண்டரில் மாவாட்டிக்கொண்டிருந்தபோது, சின்னவள் பொறுக்கமாட்டாமல், ஒங்க மாடிப்படியப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுக்கா என்று போட்டு உடைத்துவிட்டாள். சொல்லி வாய் மூடுவதற்குள் மீசை கொத்தாகக் கழன்று மாவில் விழுந்தது. கனகமணி கொஞ்ச நேரம் மாவைப் பார்த்துவிட்டு, மல்லிகைப்பூ விஷயத்தைத் தானும் சொன்னாள், அதுவும் விழுந்தது. மாவைக் கொட்ட வேண்டியதாயிற்று, ஆனால் அன்று ராத்திரி இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அடுப்பில் உப்புமா கிண்டினார்கள், அது அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் நடந்ததில்லை.

அதன்பிறகு வெள்ளூரணிப் பெண்கள், சாப்பிட்டாச்சா என்று கேட்பதைப் போல, எனக்கு ஒங்க மேல பொறாமையா இருக்கு மதினி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யார் மேல் பொறாமையோ அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், சாடைமாடையாகச் சொன்னால் விழாது, மூன்றாம் ஆளிடம் சொன்னால் இன்னும் அடர்ந்துவிடும், அதுதான் விதி. தீப்பெட்டி ஆபீஸில் காலையில் பெருக்குகிறவர்கள் தரையெல்லாம் மீசையாகக் கிடக்கிறது என்று அலுத்துக்கொண்டார்கள். ஆண்களிடம் இதை யாரும் மறைக்கவில்லை, ஆண்களுக்கு இது தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான், பாடத்திலேயே அப்படித்தானே எழுதியிருந்தது.

அந்தப் பாடம் வேங்கைமுத்து கதைப்பாடல். எங்கள் பக்கத்துக் கதைதான். வேங்கைமுத்து ஒரு பாளையக்காரன். அவனுக்கு இரண்டு பொண்டாட்டிகள், மூத்தவள் மாணிக்கத்தாய், இளையவள் சிட்டழகி. இளையவள் தன் கொலுசைக் குதிரைக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள் என்று மூத்தவள் பொய் சொல்ல, வேங்கைமுத்து வாளை எடுத்துச் சிட்டழகியை வெட்டிவிட்டு, உண்மை தெரிந்து தானும் அதே வாளில் விழுந்து சாமியாகிவிடுகிறான். மாணிக்கத்தாய் கல்லாகிறாள், போகிறவர் வருகிறவரெல்லாம் அந்தக் கல்லின்மேல் ஒரு கூழாங்கல்லை எறிந்துவிட்டுப் போக வேண்டும் என்பது பாட்டின் முடிவு. திருமலையப்பன் சார் இந்தப் பாட்டுக்கு உரை எழுதியவர், ஊரிலேயே பெரிய மீசைக்காரர். மாணிக்கத்தாயின் பொறாமையை விளக்குக என்ற கேள்வி வருஷம் தவறாமல் தேர்வில் வரும், அவர் உரையை மனப்பாடம் செய்து எழுதினால் முழு மதிப்பெண்.

அந்த வருஷம் காளீஸ்வரி எழுந்து, வெட்டியது யார் சார் என்று கேட்டாள். அவள் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டுகிற அம்மாவின் மகள், கேள்வி கேட்கும்போது ஒரு காலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற பழக்கம் உள்ளவள். வேங்கைமுத்துதான் வெட்டினான், ஆனால் அது மானம் என்றார் சார். பொண்டாட்டி வேற ஒருத்தனப் பாத்தான்னு வந்த கோவத்துக்குப் பேரு மானமா சார், அதையே மூத்தவ பட்டா பொறாமையா என்று அவள் கேட்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அதற்கு ஆதாரமான வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கொடுக்க, வகுப்பு சிரித்தது, சாரும் சிரித்தார். அவர் மீசை அன்று இன்னும் கொஞ்சம் அடர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை.

காளீஸ்வரியும் ஸ்டெல்லாவும் ஒரே டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள், ஒருத்திக்குக் கேள்வி வரும், இன்னொருத்திக்கு வரி வரும், இருவரும் சேர்ந்து வந்தால் சாருக்குப் பாடம் நடத்த முடியாது. துறையில் ஆய்வுக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. பருவத் தேர்வுக்கு முன்னால் நடக்கிற கருத்தரங்கில் இருவரும் கட்டுரை படிக்க வேண்டும், மதுரையிலிருந்து வருகிற பேராசிரியையும் திருமலையப்பன் சாரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். சார் முதலில் ஸ்டெல்லாவைத் தனியாகக் கூப்பிட்டு, உன் தமிழ் ஜெபக்கூட்டத்துத் தமிழ் என்று காளீஸ்வரி சொல்கிறாள், எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது என்றார். பிறகு காளீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டு, தீப்பெட்டி ஆபீஸ் வீட்டுப் பிள்ளைக்கு ஆய்வெல்லாம் எதுக்கு என்று ஸ்டெல்லா கேட்கிறாள், நீ பெரிசா எடுத்துக்காதே என்றார். இருவரிடமும், நான் சொன்னதா வெளிய தெரிய வேண்டாம்மா என்று முடித்தார். நல்ல மனிதர்தான், பிள்ளைகள் கேள்வி கேட்காமல் இருந்தால் இன்னும் நல்ல மனிதராக இருந்திருப்பார்.

மறுநாள் பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தியிடம் போய், நீ அப்படிச் சொன்னியா என்று கேட்பதற்குக் கால் நிமிஷம் போதும், ஆனால் மனசு நொந்தவர்கள் கேட்க மாட்டார்கள், எங்கள் ஊரில் நிச்சயமாகக் கேட்க மாட்டார்கள், கேட்டால் நம் மானம் என்னாவது என்று பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஸ்டெல்லாவுக்கு ஏற்கெனவே காளீஸ்வரி மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. பேசிக்கொண்டிருந்த நாளில் அதை அவ்வப்போது சொல்லிச் சிரித்து உதறிவிடுவாள், பேச்சு நின்றதும் உதற வழியில்லாமல் மீசை வளர்ந்து வளர்ந்து துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு வகுப்புக்கு வர வேண்டியதாயிற்று. காளீஸ்வரிக்கு ஒரு முடிகூட முளைக்கவில்லை. அதில் அவளுக்குப் பெருமைதான், ஆனால் மதியம் டிபன் பாக்ஸில் பாதியை மட்டும் சாப்பிட்டு, மீதியை மூடி வீட்டுக்கே கொண்டுபோனாள், அம்மா ஏன் என்று கேட்டால் பசியில்லை என்றாள். ஆய்வு இடம் வேண்டும், ஸ்டெல்லாவும் வேண்டும், இரண்டும் கைவிட்டுப் போய்க்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

இதற்கிடையில் திருமலையப்பன் சார் குலசாமி கோயிலுக்குப் போய் வந்தார். மகனுக்கு வெளிநாட்டு விசா கிடைத்தால் முடி கொடுப்பதாக நேர்ந்திருந்தார், விசா கிடைத்துவிட்டது. தலைமுடிதானே என்று போய் உட்கார்ந்தவரிடம் பங்காளிகள், நம்ம சாமிக்கு முடி என்றால் கழுத்துக்கு மேலே உள்ளதெல்லாம் முடிதான், பாதி கொடுத்தால் பாதி விசாதான் நிற்கும் என்று ஒரே பிடியாக நின்றார்கள். புருவத்துக்கு மட்டும் விலக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு, சந்தனம் பூசிய மொட்டைத்தலையோடும் வெறும் உதட்டோடும் அவர் கருத்தரங்கன்று மேடையில் வந்து உட்கார்ந்தபோது, முன்வரிசை மாணவர்கள் கொஞ்ச நேரம் அவரைத் தேடினார்கள்.

ஸ்டெல்லா முதலில் படித்தாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து குரல் கொஞ்சம் அமுங்கி வந்தாலும், பாட்டில் மாணிக்கத்தாய்க்கு எங்கெல்லாம் பெயர் சொல்லாமல் மூத்தவள் என்று மட்டும் வருகிறதோ அதையெல்லாம் எடுத்துக்காட்டி, ஒருத்தியை ஆள் என்று நினைக்காமல் வரிசை என்று நினைத்தால் அவள் வரிசைக்குச் சண்டை போடாமல் என்ன செய்வாள் என்று கேட்டு, ஒழுங்காக முடித்து இறங்கினாள். அடுத்து காளீஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். மாணிக்கத்தாய் பொய் சொன்னாள், அதை நான் மறைக்கப்போவதில்லை என்று தொடங்கினாள். வேங்கைமுத்து வெட்டியதும் பொறாமையால்தான், அவனுக்கு மீசை இருந்ததால் அது தெரியவில்லை என்று அவள் படித்தபோது சிரித்தவர்கள் பெண்கள் மட்டும்தான். அடுத்த பக்கத்தைத் திருப்பி, இந்தப் பாட்டில் இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள், ஆனால் காப்புச் செய்யுளிலிருந்து கடைசி வாழ்த்துவரை ஒருத்தியோடு ஒருத்தி ஒரு வார்த்தை பேசுவதாக ஒரு வரிகூட இல்லை, மூத்தவள் உன்னை இப்படிச் சொன்னாள் என்று இளையவளிடம் வேங்கைமுத்து சொல்கிறான், இளையவள் உன்னை அப்படிச் சொன்னாள் என்று மூத்தவளிடமும் அவனே சொல்கிறான், ஒருத்தியைப் பற்றி இன்னொருத்திக்குத் தெரிந்ததெல்லாம் அவன் வழியாகவே என்று படித்துக்கொண்டு வந்தவள், அந்த இடத்தில் நின்றுவிட்டாள். மீதிப் பக்கங்கள் கையில் இருந்தன. மதுரைப் பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார், சார் கடிகாரத்தைப் பார்த்தார். காளீஸ்வரி கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"ஸ்டெல்லா, நான் ஒன்னப் பத்தி ஏதும் சொன்னேன்னு சார் சொன்னாகளா?"

ஸ்டெல்லா துப்பட்டாவை இறக்கினாள். மீசை தாடைவரை இருந்தது.

"என் தமிழு ஜெபக்கூட்டத்துத் தமிழுன்னு சொன்னியாமே."

"நான் சொல்லல. தீப்பெட்டி ஆபீஸ் வீட்டுப் பிள்ளைக்கு ஆய்வு எதுக்குன்னு நீ கேட்டியா?"

"எங்கம்மாவும் அங்கதான பெட்டி ஒட்டுது பிள்ள."

அது காளீஸ்வரிக்குத் தெரியும். இரண்டு அம்மாக்களும் ஒரே சாக்கில் உட்கார்ந்து ஒட்டுகிறவர்கள். தெரிந்திருந்தும் இத்தனை நாள் அது ஏன் உறைக்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது, மேடையிலேயே அழுதாள், பாதிப் படித்த கட்டுரையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டெல்லா எழுந்து நடுப்பாதையில் வந்து நின்று, எனக்கு ஒம்மேல பொறாமையாத்தான் இருந்துச்சு, நீ கேள்வி கேட்டா வகுப்பே திரும்பிப் பாக்குது, எனக்கு அப்படிக் கேக்க வரல என்றாள். மீசை கழன்று காலடியில் விழுந்தது. அதைத் தாண்டிக்கொண்டு மேடைக்கு ஏறினாள்.

அரங்கில் இதை யாரும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை, அன்றாடம் நடக்கிற விஷயம்தானே. எல்லாரும் பார்த்தது திருமலையப்பன் சாரின் உதட்டை. முதலில் விளக்குக் கரி பட்டதுபோல் ஒரு கோடு தெரிந்தது, இரண்டு பிள்ளைகளும் கையைப் பிடித்துக்கொண்டபோது பழைய மீசை அளவுக்கு வந்தது, மதுரைப் பேராசிரியை, இவ்வளவு நாள் இந்தப் பாட்டைப் படிச்சிருக்கோம், இது நமக்குத் தோணலையே சார் என்று அவர் பக்கம் சாய்ந்து சொன்னபோது மேசையைத் தொட்டு, தண்ணீர் தம்ளரைச் சுற்றிக்கொண்டு, மேசைவிரிப்பின் ஓரத்துக்கு வந்து நின்றது. பேராசிரியை தம்ளரை மெதுவாக மீசையிலிருந்து விடுவித்து நகர்த்தி வைத்தார்.

"நேர்ல சொல்லிட்டா விழுந்துரும்னு கேள்விப்பட்டேன் சார். சொல்லிருங்களேன்."

சார் வாயைத் திறந்தார். அரங்கம் காத்திருந்தது, அவரைப் பிடிக்காதவர்கள்கூட அவர் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அந்த நிமிஷத்தில் நினைத்தார்கள், காளீஸ்வரியும் நினைத்தாள். இது குலசாமி திருப்பிக் கொடுத்தது என்று சொல்லிவிட்டு, அவர் மீசையின் நுனியைத் தேடி எடுத்து முறுக்கினார்.

கூடியிருந்த ஆண்களெல்லாம், ஆமாம், சக்தியுள்ள சாமி என்று தலையாட்டினோம். இப்போதும் அவர் அப்படியேதான் இருக்கிறார். காலையில் அவர் மனைவி கத்தரியோடு வந்து, இன்னிக்கு யாரு மேல என்று கேட்பதில்லை, அளவாக வெட்டிவிட்டுப் போகிறார், சாயங்காலத்துக்குள் அது நெஞ்சுக்கு வந்துவிடுகிறது.

ஆய்வு இடம் ஸ்டெல்லாவுக்குப் போயிற்று. மதுரைப் பேராசிரியைக்கும் வேறு வழியில்லை, ஒரு கட்டுரை முழுதாகப் படிக்கப்பட்டிருந்தது, இன்னொன்று பாதியில் நின்று மூக்குத் துடைக்கப்பட்டிருந்தது. அறிவிப்பைக் கேட்டுக் காளீஸ்வரி கைதட்டினாள், மனசாரத்தான் தட்டினாள், சாயங்காலம் இருவரும் பழையபடி டவுன் பஸ்ஸில் ஒன்றாக ஏறினார்கள். பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. பஜார் திரும்பும்போது காளீஸ்வரிக்கு மேலுதட்டில் அரித்தது. இதுவரை அவளுக்கு அரித்ததில்லை, கொசு என்று நினைத்துத் தட்டினாள், கையில் முடி தட்டுப்பட்டது; ஜன்னல் கண்ணாடியில் பார்த்தால் நல்ல கருகருவென்று, இரண்டு பக்கமும் வளைந்து, வேங்கைமுத்துவுக்கே பொருந்துகிற மாதிரி ஒரு மீசை.

அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, எப்படித்தான் இருக்கும் என்று பார்ப்போமே என்று வலதுபக்கம் ஒரு முறுக்கு முறுக்கினாள், நன்றாக இருந்தது, இடதுபக்கமும் முறுக்கினாள். பெண்கள் சீட்டில் காலை அகட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மீசைக்காரர் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, எழுந்து இடம் விட்டார். இருவரும் உட்கார்ந்தார்கள். ஸ்டெல்லா தோழியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். காளீஸ்வரி சொல்ல வாயெடுத்தாள்.

"ஸ்டெல்லா, எனக்கு..."

"இப்பச் சொல்லாத பிள்ள," என்று ஸ்டெல்லா அவள் வாயைப் பொத்தினாள். "சொன்னா விழுந்துரும், அந்தாளு திரும்ப வந்து உக்காந்துருவாரு. எறங்கும்போது சொல்லு."

தீப்பெட்டி ஆபீஸ் நிறுத்தம்வரை இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக அந்த மீசையை முறுக்கிவிட்டபடி வந்தார்கள். இறங்கும் படியில் நின்று காளீஸ்வரி சொன்னாள், ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்து, கண் கலங்கச் சொன்னாள்: எனக்கு ஒம்மேல பொறாமையா இருக்கு, அந்த எடம் எனக்கு வேணும்னு இருந்துச்சு. மீசை படிக்கட்டிலேயே உதிர்ந்தது. தெரியும் வா என்று ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்து இறக்கினாள். பின்னால் இறங்கிய அந்தப் பெரிய மீசைக்காரர், கீழே கிடந்ததை மிதித்துவிடாமல் தாண்டி இறங்கி, தெருவில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தன் மீசையை மெதுவாக ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.